மூட்டையில் கட்டிய ஊர்

நான் ராத்திரி எங்கே படுத்துத் தூங்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வருஷம் இரண்டு அரசாங்கங்கள் கவலைப்பட்டன. ஒன்று எங்கள் ஊர்க் கூட்டம். இன்னொன்று புதுக்கோட்டை தர்பார். யுத்த காலம் அது. அரிசிக்கு அளவு, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெட்ரோல் இல்லாத பஸ்ஸுக்கு முதுகில் கரி அடுப்பு என்று இரண்டுக்கும் தலைக்கு மேல் வேலை கிடந்தது. இருந்தும் என் தூக்கத்துக்கு நேரம் ஒதுக்கினார்கள். அந்த அக்கறைக்கு நான் அன்று நன்றி சொல்லவில்லை. இன்றும் சொல்வதாக இல்லை.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். பஸ் ரோட்டில் இறங்கிக் கண்மாய்க் கரையோடு நடக்க வேண்டும். கல்யாணமான சில மாதங்களில் என் கணவர் மலேயாவுக்கு ஒரு கடையில் கணக்கு எழுதப் போனார். ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் அங்கிருந்து காகிதம் வருவது நின்றுபோயிற்று. யுத்தம் முடிந்து அவர் இளைத்துக் கறுத்துப் பத்திரமாக வந்து சேர்ந்தார். இந்தக் கதையில் அவருக்கு வேறு வேலை இல்லை என்பதால் இப்போதே சொல்லிவிட்டேன். படிக்கிறவர்கள் அவருக்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் அப்போது எங்களுக்கு அது தெரியாது. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளும் தெருவே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டியது. வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. மாமனார் வாயைத் திறந்தால் "சரி" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். மாமியார் கத்துவாள், ஆனால் கத்துவதோடு சரி. தெருவின் இரக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சைத் தாழ்த்துகிறவர்களை அறைய வேண்டும் போலிருக்கும். எட்டாவது வரை படித்திருந்தேன். வாத்தியார் பயிற்சிக்குப் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, என்னைப் பார்த்து ஜனங்கள் பயப்படும்படி பிழைக்க வேண்டும் என்பது அந்த வயதில் என் லட்சியம்.

மனுப் போடச் சொன்னது மாமியார்தான். அதை என் மேல் வைத்த பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். நான் நட்ட நாற்று வரிசை பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும். "இவளை வயலுக்கு அனுப்புறதுக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம், பயிராச்சும் பொழைக்கும்" என்று அவள் மாமனாரிடம் சொன்னாள். மாமனார் சரி என்றார்.

புதுக்கோட்டையில் பெண்களுக்கான பயிற்சி வகுப்பில் எனக்கு இடம் கிடைத்தது. வருகிற திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், விடுதியிலேயே தங்க வேண்டும், தவறினால் அடுத்தவருக்கு இடம் போய்விடும் என்று உத்தரவு வந்தது. வந்ததுதான் வந்தது, ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா? முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள்.

காப்புக் கட்டுவது என்றால் பூசாரி கையில் மஞ்சள் துணியைக் கட்டுவதுதான். கட்டுவது அவர் கையில். கட்டுப்படுவது ஊர் முழுவதும். அந்த நேரத்தில் ஊருக்குள் யார் யார் இருந்தார்களோ அவர்கள் எல்லாரும் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை ஊருக்குள்தான் ராத்தங்க வேண்டும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் எல்லைக்குள் இருக்க வேண்டும். உலக்கைச் சத்தம் கேட்கக் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது. ஆண்கள் சவரம் செய்யக் கூடாது. பச்சை மரத்தில் கத்தி படக் கூடாது. எல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம், குழம்பைத் தாளிக்கக் கூடாது. சட்டியில் கடுகு வெடித்தால் அம்மனுக்கு ஆகாது. சாயங்காலமானால் இளவட்டங்கள் தெருத்தெருவாக மூக்கை உயர்த்திக்கொண்டு நடப்பார்கள். வருஷம் முழுவதும் ஒரு துரும்பை நகர்த்தாதவர்கள் அந்த நாட்களில் மட்டும் மூக்கால் ஊருக்கு உழைத்தார்கள்.

இதற்கெல்லாம் மேலே இருந்தவர் ஊர் அம்பலம். ஊர்த் தலைவருக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். என் மாமனாரின் அண்ணன். எனக்குப் பெரிய மாமா. நல்ல மனுஷர். அவருடைய ஒரே பெருமை, சொன்ன தீர்ப்பை மாற்றியதில்லை என்பது. தீர்ப்பு சரியா தப்பா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம்.

உத்தரவோடு நாங்கள் கோயில் திடலுக்குப் போனோம். கூட்டம் கூடியது. பெரிய மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டு, காப்பு அவிழ்த்த பிறகு போகட்டும், தர்பார் எங்கே ஓடிவிடப் போகிறது என்றார். தர்பார் ஓடாது, என் இடம் ஓடிவிடும் என்று மாமனார் சொல்லியிருக்க வேண்டும். அவர் சரி என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஒரு மஞ்சள் துணிக்காக வாழ்நாள் முழுவதும் கோணல் நாற்று நட்டுக்கொண்டு தெருவின் உச்சுக் கேட்டுக் கிடக்க வேண்டுமா என்று இருந்தது.

அப்போதுதான் என் மாமியார் பசுவிடம் பேச ஆரம்பித்தாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. அதனால் பெரிய மாமாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமியார் பக்கத்தில் இருக்கும் எதையாவது பார்த்துச் சொல்வாள். தூணிடம் சொல்லியிருக்கிறாள், அண்டாவிடம் சொல்லியிருக்கிறாள். அன்று திடலோரம் எங்கள் செவலைப் பசு கட்டியிருந்தது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, திடல் முழுவதும் கேட்கும்படி சொன்னாள்:

"ஏன்டி செவலை, மேற்கால காட்டை அழிச்சுக் குடிபோனாகளே, அவுக நம்ம கோயில்ல பிடிமண் எடுத்துக்கிட்டுப் போயித்தானே அங்கிட்டு ஆத்தாளை வச்சாக. அந்த மண்ணு கெடக்குற எடமும் நம்ம ஊருதான்னு தீர்ப்புச் சொன்னது யாரு? அங்கிட்டு மண்ணு போனா ஊராம். என் மருமக கொண்டுபோனா மண்ணாங்கட்டியாமா?"

பசு அசை போட்டது. கூட்டம் பெரிய மாமாவைப் பார்த்தது. அந்தத் தீர்ப்பைச் சொன்னவர் அவரேதான். குடிபோனவர்களைத் திருவிழா வரிக்குள் வைத்துக்கொள்வதற்காக, கோயில் மண் எங்கே இருக்கிறதோ அதுவும் ஊர் எல்லை என்று சொல்லியிருந்தார். அவர் மோவாயைத் தடவினார். சவரம் செய்யாத மோவாய் கரகரவென்றது. பிறகு, புள்ளை கோயில் மண்ணைக் கொண்டுபோய் அதன் மேல் படுத்தால் ஊருக்குள் படுத்ததாகத்தான் கணக்கு என்று பசுவைப் பார்த்தே சொன்னார்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எவ்வளவு மண் என்று அடுத்த பேச்சு ஆரம்பமானது. பிடிமண்தானே, ஒரு கைப்பிடி போதும் என்றது ஒரு கட்சி. தலை மட்டும் மண்ணில் இருந்து கால் தர்பாரில் நீட்டிக்கொண்டிருந்தால் அது வெளியூரில் ராத்தங்கினதாகாதா என்றது இன்னொரு கட்சி. புரண்டு படுத்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். நான் புரளுவேனா மாட்டேனா என்று மாமியாரிடம் சாட்சி கேட்டார்கள். அவள் பசுவிடம், உருளுவாள் என்றாள். கடைசியில் உச்சி முதல் உள்ளங்கால் வரை, இரண்டு பக்கமும் ஒரு புரளுக்கு இடம் விட்டு, ஒரு சாக்கு மண் என்று முடிவாயிற்று. தாளிப்பில்லாத சாப்பாடுதான் சாப்பிட வேண்டும் என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை கரி பஸ்ஸில் ஏறினேன். டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிய கண்டக்டர் சாக்கைத் தூக்க முடியாமல் என்னைப் பார்த்தார்.

"சாக்குல என்னம்மா?"

"எங்க ஊரு" என்றேன்.

எனக்கு அன்று இருந்த எரிச்சலில் வேறு பதில் வரவில்லை. அவர் சாக்கை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, எங்கள் ஊருக்கும் ஒரு டிக்கெட் போட்டார்.

விடுதியில் எங்களுக்கு மேலே இருந்தவரைச் சூப்பிரண்டம்மா என்று கூப்பிடுவோம். கண்ணாடி போட்ட, நெட்டையான அம்மாள். வாசல் அறைச் சுவரில் தர்பார் உத்தரவுப்படியான விதிகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. நாங்கள் எப்போது எழுந்திருக்க வேண்டும், எவ்வளவு எண்ணெய் வைத்து எத்தனை பின்னல் போட வேண்டும், ரவிக்கைக் கை எவ்வளவு நீளம் வர வேண்டும், பூ எந்தக் கிழமை வைக்கலாம், ஜன்னலை எப்போது சாத்த வேண்டும், சாப்பாட்டில் எதையும் ஒதுக்கக் கூடாது, என்னென்ன வெளிப் பண்டம் உள்ளே வரக் கூடாது என்று எல்லாம் அதில் இருந்தது. பேசும்போது எவ்வளவு சத்தம் வரலாம் என்பதற்குக்கூட ஒரு விதி. தும்மலுக்கு மட்டும் விதி இல்லை. அது யாரோ எழுத மறந்துவிட்டதாக இருக்கும்.

முதல் நாளே சூப்பிரண்டம்மா என் பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

விளக்கினேன். காப்பு, பிடிமண், பசு, தீர்ப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். குப்பையை அள்ளி வெளியே கொட்டு, இல்லையென்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போ என்றார். கொட்டினால் ஊரில் எங்கள் வீட்டுக்குக் கோயில் பிரசாதம் கிடையாது, மாமனார் கூட்டத்தில் தலை நிமிர முடியாது. கொட்டாவிட்டால் எனக்குப் படிப்பு கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை கொஞ்சம் வேலை செய்யும்.

"அம்மா, வெளிப் பண்டம்னு சுவத்துல எழுதியிருக்கிற வரிசையில மண்ணு இல்லீங்களே" என்றேன்.

அவர் எழுந்து போய்ச் சுவரில் பார்த்தார். முறுக்கு, ஊறுகாய், வெற்றிலை, மூக்குப்பொடி, நாவல் புத்தகம், கண்ணாடி வளையல் என்று போனது வரிசை. மண் இல்லை. விதியில் இல்லாததைச் செய்கிறவர் இல்லை அவர். அனுமதிப்பதானாலும் சரி, தடுப்பதானாலும் சரி. பயிற்சி விடுதியில் மண் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வரும்வரை மண் விசாரணையில் இருப்பதால் அதை யாரும் தொடக் கூடாது, பெருக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார். அதுவரை தர்பாரே என் மண்ணுக்குக் காவல் நின்றது.

சாப்பாட்டில்தான் மாட்டிக்கொண்டேன். விடுதிச் சாம்பாரில் கடுகு மிதக்கும். சாப்பிட்டால் ஊர் கெட்டது, ஒதுக்கினால் விதி கெட்டது. சோறும் மோரும் மட்டும் வாங்கிக்கொண்டு, சாம்பாரை ஏற்கெனவே சாப்பிட்டு முடித்தவள் போல முகத்தை வைத்துக்கொள்வேன். பக்கத்தில் உட்காரும் கீரனூர்ப் பெண் என் பங்குச் சாம்பாரையும் சேர்த்துச் சாப்பிட்டு எனக்கு உதவினாள். அவள் உடம்பில் அது நன்றாகவே தெரிந்தது.

இதற்குள் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தேங்காய் விற்கப் புதுக்கோட்டைச் சந்தைக்கு வந்தவர், விடுதிச் சுவரோரமாக நடந்து போயிருக்கிறார். மூக்கு ஊருக்கு உழைத்தது. தாளிப்பு வாசனை அடிக்கிறது என்று போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் பெரிய மாமாவே வந்து இறங்கினார். அவரும் காப்புக்குள் இருப்பவர். பொழுது சாய்வதற்குள் திரும்பியாக வேண்டும்.

வாசல் அறையில் சூப்பிரண்டம்மா ஒரு நாற்காலியில். பெரிய மாமா எதிர் நாற்காலியின் நுனியில். நான் கதவருகே. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இரண்டு பேரும் மோதிக்கொள்ளட்டும், அந்தப் புழுதியில் நான் தப்பித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது.

"எங்க ஊருப் புள்ளைங்க. எங்க கட்டுப்பாட்டைக் கெடுக்கப்படாது" என்றார் பெரிய மாமா.

"வாசல்படி தாண்டி உள்ளே வந்துட்டா அவள் தர்பார் பிள்ளை. எங்க விதி கெடக் கூடாது" என்றார் சூப்பிரண்டம்மா.

பெரிய மாமா எது அந்த விதி என்று கேட்டார். சுவரைக் காட்டினார் அம்மாள். இவருக்குக் கண் சரியாகத் தெரியாது, படிக்கச் சொன்னார். அம்மாள் படித்தார். விடிவதற்கு முன் எழுந்திருக்க வேண்டும் என்றதும் பெரிய மாமா தலையை ஆட்டினார். ஒற்றைப் பின்னல் என்றதும், நல்ல சட்டம் என்றார். சிரிப்புச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாது என்றபோது நாற்காலி நுனியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டார். ஆறு மணிக்கு மேல் ரோட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறக்கக் கூடாது என்ற இடத்தில் அவர் முகத்தில் பக்தி வந்துவிட்டது. இத்தனை வருஷம் அம்பலமாக இருந்தும் இந்த ஜன்னல் விஷயம் தனக்குத் தோன்றவில்லையே என்று வாய்விட்டு வருத்தப்பட்டார்.

பிறகு உங்கள் ஊரில் என்ன கட்டுப்பாடு என்று அம்மாள் கேட்டார். இவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தாளிப்பில் வந்ததும் அம்மாள் நிறுத்தினார். கடுகும் எண்ணெயும் கடையில் கிடைக்காமல் விடுதிச் சமையல்காரியோடு தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

"தாளிக்காமலே ஊர் முழுக்கச் சாப்பிடுறாங்களா? யாரும் முணுமுணுக்கிறதில்லையா?"

"சாமி கட்டுப்பாடுங்க. முணுமுணுத்தா கண்ணு போயிரும்னு சொல்லி வச்சிருக்கோம்."

"அப்படியா" என்றார் அம்மாள், மிகுந்த மரியாதையோடு.

அதற்கப்புறம் அவர்கள் பேசியதைக் கேட்டால் பெண் பார்க்க வந்த இடத்துச் சம்பந்திகள் தோற்றார்கள். எங்கள் ஊர்க் காப்பு அவிழும் வரை விடுதியில் யாருக்கும் தாளிப்பு இல்லை என்று முடிவாயிற்று. பதிலுக்குப் பெரிய மாமா, சாயங்காலம் கோயில் சேகண்டியை அடித்தால் அதற்குமேல் கண்மாய்க் கரையில் யாரும் நிற்கக் கூடாது என்று ஊரில் சட்டம் போடுவதாகச் சொன்னார். என்னைப் பற்றியும் பேசினார்கள். நான் கதவருகில் நிற்பது இருவருக்கும் ஞாபகமில்லை. அந்தப் பாய் விரித்த இடம் இனி எங்கள் ஊர் எல்லை, ஆகையால் இவள் இங்கே இருக்கும்வரை எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டில் இருக்கிறாள் என்றார் பெரிய மாமா. தடையில்லை, ஆனால் லீவுக்கு ஊருக்கு வந்தாலும் இவள் விடுதிப் பெண், விடுதி விதிகள் அங்கேயும் நடக்கும்படி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அம்மாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு ஒப்புக்கொண்டார்.

சண்டையை எதிர்பார்த்து நின்ற எனக்கு, ஊரை விட்டுக் கிளம்பும்போது ஒரு சர்க்காராக இருந்தது இங்கே இரண்டாகி, அந்த இரண்டும் கைகோத்துக்கொண்டு நின்றன. இனி எங்கே போனாலும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டும். அன்று சாயங்காலம் தாளிக்காத சாம்பாரை வாயில் வைத்த கீரனூர்ப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்க ஊருச் சாமி எங்க ஊரு நாக்கையுமா கட்டிப்போடும்?"

காப்பு அவிழும்வரை விடுதியில் ஒருத்தியும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. லீவுக்கு ஊருக்குப் போனால் அங்கே ஒற்றைப் பின்னலோடு விடிவதற்கு முன் எழுந்து உட்கார்ந்திருந்தேன். பெரிய மாமா வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போவார். ரோட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்கு ஜன்னலே கிடையாது என்பதில் மட்டும் அவருக்குக் குறை.

அந்த லீவில்தான் இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் கண்மாய்க்கு அக்கரையில் கொஞ்ச தூரத்தில் என் மாமியார் பிறந்த ஊர். கரையில் நின்றால் அந்த ஊர்க் கொட்டுச் சத்தம் காதில் விழும். மாமியார் தினமும் சாயங்காலம் மாட்டுக்குப் புல் என்று சொல்லிக்கொண்டு கரைக்குப் போய் இருட்டும்வரை நின்றுவிட்டு வருவாள். இப்போது சேகண்டிச் சட்டம் வந்ததில் அதுவும் போயிற்று. சேகண்டி அடித்ததும் வெறும் கையோடு திரும்பி வந்து, உன்னைப் படிக்க வைத்ததற்கு எனக்கு இது வேண்டும் என்று பானையைப் பார்த்துச் சொல்வாள். புல் போயிற்றே என்ற எரிச்சல்தான் அது என்று நான் நினைத்தேன்.

மண் விஷயமாக மேலிடத்துப் பதில் வெகு நாள் கழித்து வந்தது. மண் பற்றி விதி ஏதும் இல்லை, எனவே கருத்து ஏதும் இல்லை என்று எழுதியிருந்தார்களாம். சூப்பிரண்டம்மா அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார். ஆனால் பாய்க்கு அடியில் வேண்டாம், சுத்தமாக வைத்துக்கொள் என்று காலி பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொடுத்தார். டப்பா கொண்டது போக மீதியை விடுதி முருங்கைக்குக் கொட்டினேன். அந்த வருஷம் அது காய்த்த காய்ப்பைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பயிற்சி முடிந்தது. கீரனூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை போட்டு தர்பார் உத்தரவு வந்தது. மறுபடியும் கோயில் திடலில் கூட்டம். புருஷன் சீமையில் இருக்க, ஒற்றைப் பொம்பளை வேறு ஊரில் வீடு பிடித்துத் தங்குவது நம் வழக்கத்தில் இல்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெரிய மாமா தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார். நான் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"நான் எங்கே மாமா வேற ஊர்ல தங்கப் போறேன்" என்றேன்.

அவர் டப்பாவைப் பார்த்தார். மூடியில் குதிரை வண்டியில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி உட்கார்ந்திருந்தாள். அவளையும் பார்த்தார். மண் இருக்கும் இடம் ஊர் எல்லை என்பது அவர் தீர்ப்பு. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை சொல்லியாயிற்று. அதில் ஒன்று தர்பார் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது. இப்போது மாற்றினால் காட்டுக்குக் குடிபோனவர்கள் முதலில் வரியை நிறுத்துவார்கள். வெகு நேரம் மோவாயைத் தடவினார். பிறகு, போகச் சொல்லு என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நான் சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த வருஷம் காப்புக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன். காப்புக் கட்டிய மறுநாள் காலையில் கோயில் திடலில் ஏதோ தகராறு போலக் கூட்டம். போய்ப் பார்த்தால் பெண்கள். கையில் டப்பா, தூக்குவாளி, கலயம். ஒருத்திக்கு அறந்தாங்கியில் மகள் பிரசவத்துக்கு இருந்தாள். ஒருத்திக்கு அண்ணன் வீட்டில் காதுகுத்து. ஒருத்தி, காரணம் எல்லாம் எதுக்கு, எனக்கும் மண்ணு வேணும் என்று நின்றாள். பெரிய மாமா மண் வெட்டிய குழி ஓரத்தில் உட்கார்ந்து, இப்படி அள்ளினால் ஊர் பத்தாது என்று புலம்பிக்கொண்டிருந்தார். இந்த வினையெல்லாம் யாரால் வந்தது என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது. ஆனால் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு என் மாமியார் வந்தாள். ஒரு கையில் செவலையின் கயிறு. மேய்ச்சலுக்குப் போகிற நேரம் அல்ல அது. இன்னொரு கையில் பித்தளைச் செம்பு. கழுவித் துடைத்திருந்தாள். பசுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்குத் திடல் முழுவதும் கேட்கச் சொன்னவள், இப்போது எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள்:

"எங்கூருல நாளைக்கு ராத்திரி ஆத்தாளுக்குப் பொங்கல். வாக்கப்பட்டு வந்த நாளா நம்ம காப்புக்குள்ளயேதான் வருது. ஒரு ராத்திரி எங்க தங்கச்சியோட இருந்துட்டு வாரேன்னு சொல்லு."

கூட்டத்தில் அவள் பசுவோடு வாதாடியது என் படிப்புக்காகத்தான் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிடிமண் நியாயத்தை அவள் அன்று காலையில் யோசித்திருக்க முடியாது. எத்தனை காப்புக்குக் கரையில் நின்று அந்தக் கொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே யோசித்து வைத்திருந்தாளோ. தனக்கென்று கேட்க வாய் வராமல் எனக்குக் கொடுத்துவிட்டாள்.

பெரிய மாமா குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்தக் கரையில் அவள் நிற்பதைப் பார்த்திருப்பார்தானே, அவர் போகிற வழிதான் அது. மெல்ல எழுந்து வந்து பசுவின் நெற்றியில் கையை வைத்தார்.

"மண்ணு எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். பிறகு, "அந்தச் செம்பு பத்தாது, பெரிய செம்பா எடுத்துக்கச் சொல்லு" என்றார்.

மறுநாள் மத்தியானமே மாமியார் கிளம்பிவிட்டாள். மாமனார் சரி என்றார். பெரிய செம்பில் மண், அதன் வாயில் வெள்ளைத் துணி கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரையில் வேகமாக நடந்தாள். அப்படி அவள் நடந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் கரையில் நின்று அக்கரைக் கொட்டுச் சத்தத்தை நான்தான் கேட்டேன். சேகண்டி அடித்தும் நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னை விரட்டவில்லை.

விடிந்து வெயில் ஏறும்போது வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் கட்டியிருந்தது, தலையில் வாடிய கதம்பம். செம்பை இறக்கிக் கோயில் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். துணி நேற்றுக் கட்டிய முடிச்சோடு அப்படியே இருந்தது. மண்ணைக் கீழே போடவே இல்லையா, எதன் மேல் படுத்தீர்கள், ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று நான் பதறிப்போய்க் கேட்டேன்.

"படுக்குறதுக்காடி போனேன்" என்றாள் என் மாமியார், என்னையே நேராகப் பார்த்து.